வெள்ளாற்றங்கரையில் ஒரு சாண் கப்பல்



சென்ற கோடை விடுமுறையில் எம் மக்தபில் ஓதும் சிறுவர் நால்வர் மரக்கப்பல் ஒன்று செய்ய முனைந்தனர். அப்போது பெற்றோர் சிலர் எம்மிடம் ஒரு வினாவை எழுப்பினர்: "கடலே இல்லாத ஊரில் பிள்ளைகள் கப்பல் செய்து ஆகப்போவது என்ன?" வினா நியாயமானதே. பெரம்பலூரும் அரியலூரும் கடற்கரை அற்ற மாவட்டங்கள். சிமெண்டும் பருத்தியும் மக்காச்சோளமும் நம் அடையாளங்கள், பாய்மரம் அன்று. ஆயினும் வரலாற்றைச் சற்று நிதானமாகப் புரட்டினால், அந்த வினாவுக்கு விடை நம் காலடியிலேயே கிடைக்கிறது. அதனை எடுத்துரைப்பதும், கப்பல் செய்ய விரும்பும் பிள்ளைகளுக்கும் பெரியோருக்கும் பயன்படும் சில குறிப்புகளைத் தருவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

கடல் இருந்த மண்

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் ஒன்று கிடக்கிறது. பதினெட்டு மீட்டருக்கும் மேற்பட்ட நீளம். 1940ஆம் ஆண்டு நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் அதனை உலகிற்கு அறிமுகப்படுத்தினார். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியைக் கடல் மூடியிருந்தது என்றும், அக்கடலில் அடித்துவரப்பட்ட மரம் அடிச்சேற்றில் புதைந்து கல்லாயிற்று என்றும் நிலவியலாளர் கூறுவர். காரை, குளக்காநத்தம் பகுதியின் ஓடைகளிலும் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் இன்றும் கடல்வாழ் உயிர்களின் கல்லெச்சங்கள் கிடைக்கின்றன. நம் வீட்டுச் சுவரில் பூசிய சிமெண்டே அந்தப் பழங்கடலின் எச்சந்தான்.

அது மனிதன் தோன்றுமுன் இருந்த கடல். மனிதன் கப்பல் விட்ட கடலுக்கும் நம் மண்ணுக்கும் தொடர்பு உண்டு. அரியலூர் மாவட்டத்தில் உள்ள கங்கைகொண்ட சோழபுரம் ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழர்களின் தலைநகராக விளங்கிற்று. 1025ஆம் ஆண்டளவில் கடாரத்திற்கும் ஸ்ரீவிஜயத்திற்கும் கப்பற்படை அனுப்பிய முதலாம் இராசேந்திரனின் நகரம் அது. கடலிலிருந்து தொலைவில் அமர்ந்து கடலை ஆண்ட ஊர் நம் ஊர்.

மூன்றாவது தொடர்பு நமக்கு மிகவும் நெருக்கமானது. லப்பைக்குடிகாட்டின் ஓரமாக ஓடும் வெள்ளாறு கிழக்கு நோக்கிச் சென்று பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. முஸ்லிம்கள் மஹ்மூது பந்தர் என அழைத்த துறைமுகம் அது. போர்த்துக்கீசியர் அதற்குப் புதிய துறைமுகம் என்று தம் மொழியில் பெயரிட்டனர். அங்கிருந்தும் நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், கீழக்கரை முதலிய துறைகளிலிருந்தும் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் துணி ஏற்றிக்கொண்டு கெடா, அச்சே, பினாங்கு வரை சென்றனர். மலாய் நாடுகளில் அவர்களுக்குச் சூலியர் என்று பெயர். பினாங்கில் 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் 1826இல் நிறுவப்பட்ட ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் அப்பயணங்களின் சாட்சிகள். இன்று நம் ஊர்களிலிருந்து சபர் செல்லும் அத்தாமார் விமானம் ஏறுகின்றனர். அன்று அதே பிழைப்புக்காகப் பாய்மரம் ஏறினர். வேறுபாடு அவ்வளவே.

மாலுமியும் முஅல்லிமும்

கப்பலோடு நமக்குள்ள உறவு மொழியிலும் பதிந்துள்ளது. கப்பலைத் திசை திருப்பும் 'சுக்கான்' அரபுச் சொல். கப்பல் தலைவனைக் குறிக்கும் 'நாகுதா' பாரசீகச் சொல். 'மாலுமி' என்பது 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லின் தமிழ் வடிவம். முஅல்லிம் என்றால் கற்பிப்பவர். அரபுக் கடலோடிகள் கப்பலுக்கு வழிகாட்டுபவரை அப்பெயரால் அழைத்தனர். மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் எமக்கும், நடுக்கடலில் விண்மீன் பார்த்து வழி சொன்ன அவருக்கும் ஒரே பெயர் என்பதை மாணவர்களிடம் சொன்னபோது அவர்கள் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை எம்மால் மறக்க இயலாது.

தமிழ்ச் சொற்களும் குறைவில்லை. கப்பலின் முன்பகுதி அணியம். அடியில் நீளவாட்டில் ஓடும் முதுகெலும்பு போன்ற மரம் ஏரா. அதிலிருந்து விலா எலும்புபோல் எழுபவை வங்குகள். பாயைத் தாங்கும் குறுக்குமரம் பருமல். இச்சொற்களைப் பிள்ளைகள் அகராதியில் படித்தால் மறுநாள் மறந்துவிடுவர். தம் கையால் ஏராவில் வங்கைப் பொருத்தினால் மறப்பதில்லை.

தைத்த கப்பல்கள்

நூஹ் நபி (அலை) அவர்கள் அல்லாஹ்வின் கட்டளைப்படி கப்பல் கட்டியபோது, கடந்துசென்ற தலைவர்கள் அவர்களைப் பரிகசித்ததை ஹூது அத்தியாயம் எடுத்துரைக்கிறது. கரையில் கப்பல் கட்டுபவரைப் பார்த்து நகைப்பது புதிய வழக்கம் அன்று. அல்கமர் அத்தியாயம் அக்கப்பலைப் பலகைகளும் 'துசுர்'களும் கொண்டதாகச் சுட்டுகிறது. துசுர் என்பதற்கு ஆணிகள் என்று விரிவுரையாளர் பலர் பொருள் கொண்டனர். பலகைகளை இறுக்கிக் கட்டும் நார்க்கயிறு என்ற பொருளையும் அரபு அகராதிகள் தருகின்றன.

இந்த இரண்டாம் பொருள் இந்துமாக்கடலின் வரலாற்றோடு நன்கு பொருந்துகிறது. பல நூற்றாண்டுகள் இக்கடலில் ஓடிய கப்பல்கள் தென்னை நார்க்கயிற்றால் தைக்கப்பட்டவை. பதினான்காம் நூற்றாண்டில் இங்கு வந்த இப்னு பதூதா அதற்குக் காரணமும் குறிப்பிட்டார்: பாறை மிகுந்த இக்கடலில் ஆணி அறைந்த கப்பல் மோதினால் உடைந்துவிடும், தைத்த கப்பல் நெகிழ்ந்து கொடுத்துத் தப்பும். நம் சோழமண்டலக் கரையில் அலை தாண்டிச் சரக்கு இறக்கிய மசூலாப் படகுகளும் தைக்கப்பட்டவையே.

1998இல் இந்தோனேசியாவின் பெலித்தோங் தீவருகே ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த இத்தகைய கப்பல் ஒன்று கடலடியில் கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 60,000 சீனப் பீங்கான் பாத்திரங்கள் அதில் இருந்தன. அதனை முன்மாதிரியாகக் கொண்டு ஓமன் நாட்டில் 18 மீட்டர் நீளத்தில் 'மஸ்கட்டின் மாணிக்கம்' என்னும் கப்பல் ஆணியின்றித் தைக்கப்பட்டது. 2010 பிப்ரவரியில் மஸ்கட்டை விட்டுப் புறப்பட்டு, கொச்சி, காலி, பினாங்கு வழியாக அவ்வாண்டு ஜூலையில் சிங்கப்பூரை அடைந்தது. நம் முன்னோர் சென்ற அதே வழி.

நம் நாட்டிலும் அண்மையில் இது நிகழ்ந்தது. அஜந்தா குகையின் ஓர் ஓவியத்தை ஆதாரமாகக் கொண்டு, கேரளத் தச்சர்களின் கைத்திறனால் தைக்கப்பட்ட 'கௌண்டின்யா' கப்பலை இந்தியக் கடற்படை 2025 மே 21 அன்று கார்வாரில் ஏற்றுக்கொண்டது. இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஓவியம் இருந்தது, அளவு இல்லை. அந்த வடிவம் நீரில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அறிய, சென்னை ஐஐடியின் கடற்பொறியியல் துறையில் மாதிரிக் கப்பல் வைத்துச் சோதித்தனர். பெரிய கப்பல் கடலுக்குப் போகுமுன் சிறிய கப்பல் தொட்டியில் மிதந்தது.

ஏன் இந்த நிலை? நம் கப்பல் தச்சர்கள் தாளில் வரையவில்லை. இன்றும் கோழிக்கோட்டை அடுத்த பேப்பூரில் உரு கட்டும் மூத்த தச்சர்கள், வடிவத்தை மனத்தில் கொண்டு கோலால் அளந்து வேலை செய்யும் மரபினர். கண்ணில் இருந்தது கைக்கு வந்தது. தந்தையின் கையிலிருந்து மகனின் கைக்குப் போயிற்று. ஏதேனும் ஒரு தலைமுறை கையை மடக்கிக்கொண்டால் அத்துடன் அறிவும் மறைந்துவிடும். கடாரம் சென்ற கப்பல்களின் வரைபடம் ஒன்றும் நம்மிடம் இல்லாமற்போனது இவ்வாறே. கையால் வந்த அறிவைக் கையால்தான் காக்க இயலும். மாதிரிக் கப்பல் செய்வதை வீண் விளையாட்டு என்று நாம் கருதாமைக்கு இதுவே காரணம்.

சிறு கப்பலுக்கும் ஒரு வரலாறு

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்துக் கடற்படைக்காக 1:48 அளவில் மரக்கப்பல் மாதிரிகள் செய்யப்பட்டன. பலவற்றில் அடிப்புறப் பலகைகளை வேண்டுமென்றே மூடாமல், உள்ளிருக்கும் விலாச்சட்டங்கள் தெரியும்படி விட்டனர். அன்றைய கப்பற்கலையை இன்று ஆராய்வோர்க்கு அவை பெருந்துணை. பேப்பூரில் பெரிய உருக்களின் சிறு வடிவங்களைச் செய்து விற்கின்றனர். நாகூர்க் கந்தூரிக் கொடி ஊர்வலத்தில் கப்பல் வடிவ ரதங்கள் நாகப்பட்டினத்திலிருந்து வருவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கந்தூரி பற்றிய மார்க்க விவாதத்திற்குள் நாம் இங்கு நுழையவில்லை. கடலோடிகளின் ஊர் ஒன்று தன் கப்பலின் உருவத்தை இன்றுவரை தெருவில் சுமந்து வருகிறது என்ற வரலாற்றுச் செய்தியை மட்டும் சுட்டுகிறோம்.

எம் பிள்ளைகள் கற்ற பாடம்

இனி அந்த நால்வரிடம் வருவோம். அவர்கள் முதலில் தேர்ந்தது மூன்றடி நீளமுள்ள, மும்மரப் பாய்க்கப்பல். படம் அழகாக இருந்தது. ஏராவும் வங்குகளும் எழுந்தன. பிறகு ஒரு பக்கப் பலகைகள் முழுவதையும் ஒட்டி முடித்துவிட்டு மறுபக்கம் திரும்பினர். பசை காய்ந்தபோது ஒட்டிய பக்கம் இழுத்து, கப்பல் முழுவதும் வாழைக்காய்போல் வளைந்துவிட்டது. அதனைப் பரண்மேல் ஏற்றிவிட்டு ஒரு வாரம் எவரும் அப்பேச்சை எடுக்கவில்லை.

பிறகு ஒரு சாண் நீளத்தில் எளிய தோணி ஒன்று தொடங்கினர். பன்னிரண்டு நாளில் முடிந்தது. அதன் சுக்கானைத் தவறாகப் பொருத்தியிருந்தனர். ஒரு சிறுவனின் அத்தா துபையில் வேலை பார்ப்பவர். காணொளி அழைப்பில் மகன் தோணியைக் காட்டியபோது, அவர் சற்றுநேரம் பேசாமல் பார்த்திருந்துவிட்டு, "சுக்கான் அப்படி இருக்காது வாப்பா, நாளைக்குப் படம் எடுத்து அனுப்புறேன்" என்றார். துபை க்ரீக் துறையில் சரக்கு ஏற்ற நிற்கும் மரக்கப்பல்களை அவர் அன்றாடம் கடந்து வேலைக்குச் செல்பவர் என்பது அதுவரை மகனுக்கே தெரியாது. மறுநாள் ஏழு படங்கள் வந்தன. அன்று முதல் அவர்களின் அழைப்பில் "சாப்பிட்டாயா, ஓதினாயா" என்பதற்கு அப்பாலும் பேச ஒரு பொருள் கிடைத்தது. சபுராளிக் குடும்பங்களில் இது எத்துணைப் பெரிய பேறு என்பதை அறிந்தோர் அறிவர்.

தொடங்குவோர்க்குச் சில குறிப்புகள்

முதலாவது, சிறிதாகத் தொடங்குக. சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படும் செயலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்த நெறி. ஒற்றைப் பாய்மரம் கொண்ட தோணியே முதற்கப்பலாக அமையட்டும். முடித்த ஒரு தோணி, முடிக்காத பத்துப் பெருங்கப்பலினும் மேலானது.

இரண்டாவது, அளவைப் பேணுக. தாவூது நபி (அலை) அவர்களுக்குக் கவசம் செய்யக் கற்பித்தபோது, வளையங்களை அளவாக இணைக்குமாறு அல்லாஹ் பணித்ததை ஸபஃ அத்தியாயத்தில் காண்கிறோம். 18 மீட்டர்க் கப்பலை 1:100 அளவில் செய்தால் 18 சென்டிமீட்டர். 1:50 அளவில் 36 சென்டிமீட்டர். பாய்மரம், பருமல், நங்கூரம் அனைத்தும் அதே விகிதத்தில் குறைய வேண்டும். கணக்கில் பின்தங்கிய பிள்ளைக்கு விகிதம் கற்பிக்க இதனினும் நல்ல வழி எமக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, மரம். விலையுயர்ந்த பெட்டித் தொகுப்புகளை வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. வீண்விரயம் நமக்கு விலக்கப்பட்டது. கல்யாணமுருங்கை மரம் மென்மையானது, எளிதில் செதுக்கலாம். தஞ்சைக் கைவினைஞர் கோயில் மாதிரிகள் செய்யப் பயன்படுத்தும் நெட்டியும் சிறுவர் கைக்கு ஏற்றது. தச்சுப்பட்டறையில் கழித்துப்போடும் தேக்குச் சீவல்கள் மேல்தளத்திற்குப் போதும். ஐஸ் குச்சிகளும் நல்ல பலகைகளே.

நான்காவது, உடல். தொடக்கத்தில் அடுக்கு முறை எளிது. கப்பலை மேலிருந்து கீழாக ஐந்தாறு தட்டுகளாகக் கருதி, ஒவ்வொரு தட்டின் வடிவத்தையும் மெல்லிய பலகையில் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுக. காய்ந்தபின் படிகளைச் செதுக்கித் தேய்த்தால் உடல் வடிவம் வரும். குறுக்கு வெட்டு வடிவத்தை அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு, இரு பக்கமும் அதனைப் பொருத்திப் பார்க்க வேண்டும். கண் ஏமாறும், அட்டை ஏமாறாது.

ஐந்தாவது, பலகை ஒட்டுதல். அடுத்த கப்பலில் வங்கு நிறுத்திப் பலகை ஒட்டும்போது, இடப்பக்கம் ஒன்று ஒட்டினால் வலப்பக்கமும் ஒன்று ஒட்டுக. எம் பிள்ளைகள் ஒரு கப்பலை இழந்து கற்றது இது. வளைக்க வேண்டிய பலகையை அரைமணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, ஒரு புட்டியின்மேல் வளைத்துக் கட்டி, இரவு முழுவதும் காயவிடுக. ஈரமாக ஒட்டினால் காயும்போது சுருங்கி இடைவெளி விழும். ஃபெவிகால் போன்ற மரப்பசையே போதுமானது. நொடியில் ஒட்டும் பசையைச் சிறுவர் கையில் தரவேண்டாம். பிடித்துக்கொள்ளத் துணி உலர்த்தும் கிளிப் போதும். இடைவெளி விழுந்தால் கவலை வேண்டா. உண்மைக் கப்பலிலும் பஞ்சும் பிசினும் அடைத்தே நீர் புகாமல் காத்தனர். நாம் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைக்கலாம்.

ஆறாவது, தைத்த கப்பல் செய்ய விரும்புவோர் முதலில் இரு பலகைத் துண்டுகளைத் தைத்துப் பழகுக. ஓரத்திலிருந்து சம தொலைவில் துளையிட்டு, தேன்மெழுகு தடவிய நூலால் இறுக்குக. மெழுகு தடவினால் நூலில் பிசிறு எழாது.

ஏழாவது, பாயும் கயிறும். பழைய மெல்லிய வேட்டித் துணியைத் தேயிலைச் சாயத்தில் நனைத்து உலர்த்தினால் பாயின் நிறம் கிடைக்கும். தையல் இயந்திரத்தின் தையல் சிறு கப்பலில் மிகப் பருமனாகத் தோன்றும். ஓரத்தை மடித்து ஒட்டுவதே நலம். ஒரே நூலை எல்லா இடத்திலும் கட்டாமல், பாய்மரத்தைத் தாங்கும் கயிற்றுக்குப் பருத்த நூலும், பாயை இழுக்கும் கயிற்றுக்கு மெல்லிய நூலும் கொள்க. மாலுமிகளின் உருவங்களைச் செய்து நிறுத்த வேண்டியதில்லை. உருவம் பற்றிய மார்க்கச் சட்டத்தைப் பேணுவோம். அவர்கள் இல்லாமலே கப்பல் நிறைவாக இருக்கும்.

எட்டாவது, ஒழுங்கு. கத்தியைக் கையாளும்போது பெரியவர் ஒருவர் அருகிருக்க வேண்டும். வெட்டு எப்போதும் கைக்கு எதிர்த்திசையில் செல்ல வேண்டும். பாங்கு ஒலித்தால் வேலையை அப்படியே நிறுத்துக. பசை காய்வதற்கும் அதுவே நல்ல இடைவேளை.

கப்பல் முடிந்தபின் ஒரு சிறு துணைக்கருவியும் செய்யலாம். அரபு மாலுமிகள் 'கமால்' என்னும் சிறு மரப்பலகையைப் பயன்படுத்தினர். நடுவில் முடிச்சுகள் இட்ட நூல். நூலைப் பல்லில் கடித்து, பலகையின் கீழ்விளிம்பு தொடுவானிலும் மேல்விளிம்பு வடமீனிலும் படுமாறு நீட்டினால், எத்தனையாவது முடிச்சு என்பதைக் கொண்டு எவ்வளவு வடக்கே இருக்கிறோம் என அறியலாம். சோழமண்டலக் கடலோடிகளிடமும் இராப்பலகை என்னும் இத்தகைய கருவி இருந்தது. மொட்டைமாடியில் இரவு ஒருமுறை பிள்ளைகளோடு முயன்று பாருங்கள்.

ஊக்கமூட்டலின் அதபு

கருவியைவிட இன்றியமையாத ஒன்று பார்ப்பவர் சொல்லும் சொல். முதற்கப்பலைக் கொண்டுவந்து காட்டும் பிள்ளையிடம், கோணலை முதலில் சொல்லாதீர்கள். நன்றாக அமைந்த ஒரு பகுதியைத் தேடிக் கண்டு, அதைப் பெயர் குறித்துச் சொல்லுங்கள்: "அணியம் இருபக்கமும் சமமாக வந்திருக்கிறது, மாஷா அல்லாஹ்." பிறகு ஒரே ஒரு திருத்தம் சொல்லுங்கள், ஐந்து வேண்டாம். "அருமை" என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுவதும் ஊக்கம் அன்று. அது நாம் சரியாகப் பார்க்கவில்லை என்பதைப் பிள்ளைக்குக் காட்டிக்கொடுத்துவிடும். துபையிலிருந்த அந்த அத்தா பாராட்டுரை ஏதும் சொல்லவில்லை. ஆனால் கூர்ந்து பார்த்தார். மறுநாள் ஏழு படம் அனுப்பினார். அந்தப் பிள்ளைக்கு அதனினும் பெரிய பாராட்டு வேறில்லை.

தவறிப்போன கப்பலைக் குப்பையில் போடவும் வேண்டாம். பரண்மேல் இருந்த அந்த வளைந்த கப்பலை நாம் இறக்கி மக்தபின் அலமாரியில் வைத்துள்ளோம். அடுத்த ஆண்டு வரும் பிள்ளைகளுக்கு அதுவே முதற்பாடம். அதன் அருகில், சுக்கான் திருத்தப்பட்ட ஒரு சாண் தோணியும் நிற்கிறது.

கடல் இல்லாத ஊரில் கப்பல் எதற்கு என்று கேட்ட பெற்றோருக்கு நம் விடை இதுதான்: கடலைக் கடந்துதான் நம் முன்னோர் பிழைத்தனர், கடலைக் கடந்துதான் நம் அத்தாமார் இன்றும் பிழைக்கின்றனர். அந்தப் பயணத்தின் வடிவத்தை ஒருமுறையேனும் தன் கையால் செய்து பார்த்த பிள்ளை, வெள்ளாற்றில் நீர் ஓடும்போது அது எங்கே போகிறது என்பதை அறிந்தே பார்ப்பான்.

நம் பிள்ளைகளின் கைகளில் பயனுள்ள கலைகளையும், நம் நாவுகளில் ஊக்கமூட்டும் சொற்களையும், கடல் கடந்து சென்றோர் நலமுடன் வீடு திரும்பும் பேற்றையும் வல்ல இறைவன் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.